ஆள் வராத வீட்டு லட்டு

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பதினொன்றில் எந்த குரூப் எடுக்கப்போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்கிற அன்று சாயங்காலம், ஐந்தரை மணி டவுன் பஸ்ஸில், அந்தப் பிள்ளை நாற்பத்தைந்து வயதில் எப்படி இருக்குமோ அப்படி ஓர் ஆள் ஏழுமடைக்கு வந்து இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் நேராக அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தெருவிளக்கு எரிவதற்கு முன்னால் கிளம்பிப் போவது பதினெட்டு வருடமாக நடந்து வருகிறது.

முதலில் வந்தது காமர்ஸ் எடுத்த ஒரு பையனுக்காக. அவனுடைய அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவளைவிடப் பத்து வயது மூத்த, தலை வழுக்கையான, தொந்தி விழுந்த ஒருவர் பின்வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றி எப்போதும் அந்த வீட்டுப் பையன் விடுகிற மூலையிலேயே விட்டு, "அம்மா, பசிக்கு" என்றார். அவள் போட்ட கூச்சலில் தெரு கம்போடு திரண்டது. திரண்டவர்கள், அவருடைய இடது புருவத்தில் இருந்த தழும்பையும், பக்கத்தில் நின்ற பையன் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கம்பைக் கீழே போட்டார்கள். பிறகு யாரோ, பாவம், இலையைப் போடுங்க என்றார்கள். மறுநாள் நிருபர் ஒருவர் வந்து விசாரித்துப் போனார். வெங்காய விலைக்குக் கீழே நான்கு வரியில் செய்தி வந்தது. அடுத்த வருடம் அந்தச் செய்தியும் வரவில்லை. வருடா வருடம் நடப்பது செய்தியாவதில்லை.

ஊர் இதைப் பழகிக்கொண்டது. பஸ்ஸில் அவர்கள் நீட்டுகிற ரூபாய்த் தாள்கள் இன்னும் அச்சாகாதவை என்பதால் கண்டக்டர்கள் டிக்கெட் கேட்பதை விட்டார்கள். பெற்ற பிள்ளையே ஆனாலும் தன்னைவிட மூத்தவரை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் சில வருடம் இருந்து, வரும்போது "வாங்க" என்பது, போகும்போது "போயிட்டு வா" என்பது என்று தானாகவே ஒரு முறை ஏற்பட்டது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு பொரியலும்தான் இவர்களுக்கும் என்று ஆனது. ஜூன் மாதத்தில் ஏழுமடைச் சந்தையில் தேங்காய் விலை ஏறுவது இதனால்தான். ஊர் இவர்களுக்கு வைத்த பெயர் "வந்தவங்க". அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

வந்தவங்க பேசுவார்கள், ஆனால் வரப்போவதைப் பற்றிப் பேசமாட்டார்கள். வெயில், முட்டிவலி, சாப்பாட்டில் உப்பு, இவை பற்றிப் பேசுவார்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், யாரைக் கட்டினாய் என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிற செம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பார்கள். மறுபடி கேட்டால் மறுபடி குடிப்பார்கள். ஆகவே ஊர் கேட்பதை விட்டுவிட்டு, பார்ப்பதைக் கற்றுக்கொண்டது. செருப்பைப் பார்த்தது, நகத்தைப் பார்த்தது, கழுத்தில் கிடந்த அடையாள அட்டையின் கயிற்றைப் பார்த்தது. முதல் குரூப் எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் முதுகில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிற பை தொங்க, வேர்த்து விறுவிறுத்து வந்தார்கள். மதிப்பெண் குறைந்து அழுதுகொண்டே வொக்கேஷனல் விவசாயம் எடுத்த ஒருத்தி, பஸ்ஸில் வந்தாலும் கையில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். பிடிக்காத ஆள் வந்தால் மறுநாள் காலையில் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் போய் குரூப்பை மாற்றினார்கள். அன்று சாயங்காலம் வேறு ஆள் வந்தார். மாற்றி மாற்றிச் சலித்துப்போன தலைமையாசிரியை எமிலி டீச்சர், சேர்க்கை தொடங்கி ஒரு வாரம்தான், அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஏழாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலக அறையைப் பூட்டினால் பூட்டியதுதான் என்று சட்டம் போட்டார்.

எழுதிக் கொடுத்தும் ஆளே வராத வீடுகள் சில இருந்தன. முதலில் அப்படி ஆனது மாணிக்கவாசகம் மகனுக்கு. கம்ப்யூட்டர் குரூப் எடுத்தான்; பஸ் வந்தது, ஆள் வரவில்லை, சொதி திரிந்துபோனது, அவன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஏழெட்டு வருடம் கழித்து அந்தப் பையன் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனபோது டீக்கடையில் ஒருவர், "அதான் அன்னைக்கு வரல. ஆஸ்திரேலியாவுல இருந்து ஐந்தரை பஸ்ஸுக்கு எப்படிலே வருவான்?" என்றார். கடையே சிரித்தது. மறுநாள் அதே பேச்சைச் சிரிக்காமல் சொன்னார்கள். அடுத்த ஜூனில் ஆள் வராத ஒரு வீடு தெரு முழுக்க லட்டு கொடுத்தது. அதற்கப்புறம் ஏழுமடையில் ஆள் வராததுதான் பெரிய வரவு என்று ஆயிற்று. முதலாவதாக வந்த வழுக்கைத் தலைக்காரருக்கே இப்போதுதான் முப்பத்து மூன்று வயது, தலையில் இன்னும் பாதி முடி இருக்கிறது என்பதால், இது சரியா என்று சோதித்துப் பார்க்க இன்னும் காலம் வரவில்லை.

பஸ் நிலையத் தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பொன்னுலிங்கம் தன் ஒரே மகள் இசைவாணி ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே கடைக்கு மேலே ஓர் அறை கட்டி, அதில் டாக்டர் கை கழுவ வாஷ்பேசினும், நோயாளி படுக்க ஒரு மேடையும் வைத்து, பூட்டி வைத்திருந்தார். மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்து, அவற்றை எழுதிய டாக்டர்களின் கையெழுத்தின்மேல் ஒரு மயக்கமே அவருக்கு உண்டாகியிருந்தது. இசைவாணி பத்து முடித்த இந்த வருடம், சேர்க்கையின் முதல் நாள் கடையில் கூட்டமாக இருந்ததால், "உயிரியல் குரூப்னு எழுதிக் குடுத்துட்டு வாம்மா" என்று மகளைத் தனியாக அனுப்பினார். அவள் போய் வரலாறு குரூப் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

அன்று ஐந்தரை பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஒரே சீட்டிலிருந்து எழுந்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஏதோ பழைய சண்டையைத் தொடர்ந்தபடி இறங்கினார்கள். ஒருத்தி கண்ணாடி போட்டு, இஸ்திரி கலையாத சேலையில், டிபன் பையோடு இருந்தாள். இன்னொருத்தி குட்டையாக வெட்டிய நரைமுடியும், வெயிலில் கறுத்த முகமும், தூசு அப்பிய ரப்பர் செருப்பும், தோளில் ஒரு துணிப்பையுமாக, நகக்கண்ணில் செம்மண்ணோடு இருந்தாள். மெடிக்கல் ஷாப்புக்கு எதிரே வந்ததும் கண்ணாடிக்காரி, எதிர்வீட்டு ஜெராக்ஸ் கடை தேவசகாயம் வீட்டுக்குள் போனாள். அவருடைய மகள் ஜெனிட்டா அன்று காமர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தாள். செம்மண்காரி கடையை ஒட்டியிருந்த பொன்னுலிங்கத்தின் வீட்டுப் படியேறினாள்.

"வாங்க" என்றாள் இசைவாணியின் அம்மா செல்லக்கனி. பொன்னுலிங்கம் செருப்பைப் பார்த்தார். டாக்டர் செருப்பு இல்லை அது.

வந்தவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொதியை மூன்று தடவை கேட்டு வாங்கினாள். "இஞ்சித் துவையல்ல இம்புட்டு உறைப்பு வைக்க உன்னாலதாம்மா முடியும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு மகளுடையது என்பதில் சந்தேகம் இல்லை.

"என்ன சோலி பாக்கீங்க?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

அவள் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"டாக்டருக்குப் படிச்சவங்க இப்படி மண்ணளைவாங்களா?"

மறுபடி குடித்தாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த ஜெனிட்டா, "மாமா, இப்படியே கேட்டீங்கன்னா இசை வயிறு பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி ஆயிரும்" என்றாள்.

வந்தவள் திரும்பிப் பார்த்தாள். "ஏ சிட்டு, கண்ணாடிய எங்கடி கழட்டி வச்ச? முட்டிக்கிட்டு விழப்போற" என்றாள். சிட்டு என்பது வகுப்பில் இசைவாணி மட்டும் ஜெனிட்டாவைக் கூப்பிடுகிற பெயர். அப்போது ஜெனிட்டாவுக்குக் கண்ணாடி இல்லை. "போச்சு, எனக்குக் கண்ணு அவுட்டு" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் புரையேறும்வரை சிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிளம்பும்போது பொன்னுலிங்கத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லக்கனி "போயிட்டு வா" என்றாள். மகளைவிட ஏழு வயது சின்னவளான தாய் அவள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பொன்னுலிங்கம் கேட்டார். "என்ன குரூப் எழுதிக் குடுத்த?"

"வரலாறு."

"மண்ணு தோண்டவா உன்னைப் பெத்தேன்? நாற்பத்தஞ்சு வயசுல ரப்பர் செருப்பு. பஸ்ஸு."

"வந்தவங்க எல்லாரும் பஸ்ஸுலதாம்ப்பா வாராங்க."

"பேசாத."

"எனக்கு அவங்களப் பிடிச்சிருந்துச்சுப்பா."

"யாரை?"

"என்னைத்தான்" என்றாள் இசைவாணி.

மறுநாள் கடையைத் திறக்கும் முன்பே பொன்னுலிங்கம் பள்ளிக்கூடம் போய், பேசாமல் நின்ற மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரலாறை உயிரியலாக மாற்றி எழுதிவிட்டு வந்தார். அன்றும் செல்லக்கனி தேங்காய் துருவினாள். ஐந்தரை பஸ் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள், ஒவ்வொருவராகப் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள், கடைசியில் ஒரு கோழிக் கூடையை இறக்கிவிட்டு பஸ் கிளம்பிப் போயிற்று. பொன்னுலிங்கம் காலியான சாலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "வரல" என்றார். "ஏளா செல்லக்கனி, ஆள் வரல! வெளிநாட்டு டாக்டர்!"

அவர் அன்றே லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். வாங்கியவர்கள் எந்த நாடு என்று பேசிக்கொண்டார்கள். லண்டன் என்று ஒருவரும், அமெரிக்கா என்று ஒருவரும், டாக்டருக்கெல்லாம் லீவே கிடைக்காது, அடுத்த தெருவில் இருந்தாலும் வரமுடியாது என்று கூட்டுறவு வங்கிக் காசாளர் அருணாசலமும் சொன்னார்கள். எதிர்வீட்டு தேவசகாயம் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார்.

"அண்ணாச்சி குடுத்து வச்சவரு" என்றார். "எங்க வீட்டுக்கும் வந்துச்சே, டிபன் பையத் தூக்கிக்கிட்டு. காலம் பூரா கணக்கு எழுதுற மூஞ்சி."

"தைரியமா முடிவெடுக்கணும் தேவசகாயம்" என்றார் பொன்னுலிங்கம். "பிள்ளைங்க சொல்லுத குரூப்பை எழுதவிட்டா டிபன் பைதான் வரும்."

செல்லக்கனி மட்டும் லட்டு தின்னவில்லை. சட்டியிலிருந்த சொதியைத் தொட்டியில் கொட்டும்போது, பின்னால் நின்ற மகள் கேட்டாள். "அம்மா, வெளிநாட்டுல இருந்தா அவங்க இந்நேரம் எங்கயாவது சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்கல்லம்மா?"

"யாரு?"

"நான்."

செல்லக்கனி காலிச் சட்டியைத் தேய்த்துக் கழுவினாள். கடையைப் பூட்ட முடியாது என்பதால் ஊரில் எந்தச் சாவு வீட்டுத் துட்டிக்கும் அந்த வீட்டின் சார்பில் போய் உட்கார்ந்து வருகிறவள் அவள்தான். அன்று படுத்தபோது, தான் போய் உட்கார்ந்து அழுத வீடுகள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. கோச்சிங் படிக்கப்போன ஊரில் ஹாஸ்டல் அறையிலிருந்து வெள்ளைத் துணி சுற்றி வந்த தையல்காரர் மகன். கல்லூரி முதல் வருடத்தில் காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்காத தட்டார் வீட்டுப் பெண். சென்னையில் இரவு வேலை முடிந்து வரும்போது லாரி அடித்த பால்காரர் பையன். வேறு வேறு வருடம், வேறு வேறு ஊர், வேறு வேறு காரணம். ஒவ்வொரு துட்டியிலும் அந்தந்தக் காரணத்தைப் பற்றித்தான் பேசினார்கள், அழுதார்கள், எழுந்து போனார்கள். யாரும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த மூன்று வீட்டிலும் தான் லட்டு தின்றது செல்லக்கனிக்கு இப்போது ஞாபகம் வந்தது.

காலையில் அந்த மூன்று வீட்டையும் புருஷனிடம் சொன்னாள். பொன்னுலிங்கம் கோபப்படவில்லை, சிரித்தார். "மாணிக்கவாசகம் மகன் உசுரோடதான இருக்கான்? போன தீபாவளிக்குக்கூட போன் பண்ணுனான்."

"அவனுக்கு இன்னும் நாற்பத்தஞ்சு ஆகலையே."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"எனக்கு நல்ல வார்த்தை வேண்டாம். அந்த ரப்பர் செருப்புக்காரி வேணும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்று பூராவும், அதற்கடுத்த நாட்களிலும் அவள் அவரிடம் பேசவில்லை; பேசாமலே சோறு போட்டாள், பேசாமலே தட்டை எடுத்தாள். ஐந்தரை ஆனால் வாசலுக்கு வந்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, கடைசி ஆள் போனதும் உள்ளே போனாள். இசைவாணியும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் போன திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பொன்னுலிங்கம் கல்லாவிலிருந்து இரண்டு பேரையும் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆறாம் நாள் சாயங்காலம் காசாளர் அருணாசலத்தின் மகனுக்காக ஒருவர் வந்தார். ஜூன் மாத வெயிலில் முழங்கால்வரை தொங்குகிற கம்பளிக் கோட்டும், காதை மூடுகிற தொப்பியும், சக்கரம் வைத்த பெட்டியுமாக அவர் பஸ் படியிலிருந்து இறங்குவதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பெட்டியின் கைப்பிடியில் விமானத்தில் ஒட்டிய காகிதம் தொங்கியது. அதில் ஊர் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்த தேவசகாயம் "டொராண்டோ!" என்று கத்தினார்.

"கனடாவா?" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டார் அருணாசலம்.

வந்தவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு, "இடுப்பு விட்டுப்போச்சுப்பா, ரெண்டு விமானம் மாறி வாரேன்" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

தெரு கைதட்டியது. பொன்னுலிங்கம் கைதட்டவில்லை. மிச்சமிருந்த லட்டுகளில் ஒன்றை அருணாசலத்துக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்திருந்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டே, கம்பளிக் கோட்டு மறைந்த வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"வெளிநாட்டுல இருக்கவங்களும் வாராங்களே" என்றார், பொதுவாக.

"கனடா பக்கம்லா அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

"பக்கமா?"

"காமர்ஸ்காரனுக்கு லீவு கிடைக்கும்" என்றார் இன்னொருவர். "டாக்டருக்குக் கிடைக்குமா? அருணாசலமே சொன்னாருல்ல?" கூட்டம் அதுவும் சரிதான் என்று கலைந்தது. அவரவருக்கு வீட்டில் வேலை இருந்தது.

வீட்டுக்குள் வந்தபோது பொன்னுலிங்கத்தின் விரலிடுக்கில் லட்டு பிசுபிசுத்தது. குழாயடியில் கையை வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

ஏழாம் நாள் காலையில் பள்ளிக்கூட வாசல் திறக்கும் முன்பே மகளோடு போய் நின்றார். எமிலி டீச்சர் அவரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"திரும்ப வரலாறே எழுதிருங்க டீச்சர்."

"உங்களுக்கு ஆள் வரலைன்னு லட்டு குடுத்தீங்களே."

"ஆமா."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "ஆள் வராத வீட்டுல இருந்து மாத்தணும்னு யாரும் இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார். "ஒரு தடவை யோசிங்கன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்லிப் பார்க்கேன். சிரிக்காங்க. நீங்கதான் முதல் ஆள்."

"மாத்தினா வருவாளா?"

"தெரியாதே அண்ணாச்சி. யாரும் மாத்தினதில்லையே."

அன்று பொன்னுலிங்கமே தேங்காய் உடைத்தார். மதியத்துக்கு மேல் கடையைப் பூட்டினார். பதினாறு வருடத்தில் பகலில் அந்தக் கடை பூட்டிக் கிடந்ததை யாரும் பார்த்ததில்லை. நாலரைக்கே வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது, அலுவலக அறையைப் பூட்டும் மணி. இசைவாணி கதவில் சாய்ந்து நின்றாள். செல்லக்கனி உள்ளேயிருந்து, "பஸ் சத்தம் கேக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பஸ் வந்தது. கடைசி நாள் என்பதால் கூட்டம் அதிகம். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக ஒரு ரப்பர் செருப்பு படியில் தெரிந்தபோது பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது.

அதே நரைமுடி. அதே துணிப்பை, அதே செம்மண். ஆனால் இந்தத் தடவை அவள் தனியாக இறங்கினாள். இறங்கியவள் பழக்க தோஷத்தில் போல ஒரு கையைப் பின்னால் நீட்டி, அந்தக் கையைப் பிடிக்க யாரும் இல்லாததால், அதைக் கொண்டு பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க, வாங்க" என்று பொன்னுலிங்கம் தெருவுக்கே ஓடினார். மகளை விட்டுவிட்டு, மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை காய்த்துப்போய், சூடாக, கனமாக இருந்தது. அவர் அதை விடவில்லை.

அவள் சாப்பிட்டாள். சொதியை இரண்டாம் தடவை கேட்டாள். துவையலில் உறைப்பு சரியாக இருக்கிறது என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. செல்லக்கனி எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுலிங்கம் எதையும் கேட்கவில்லை. செம்புத் தண்ணீர் தொடாமல் அப்படியே இருந்தது. இசைவாணி தூணைப் பிடித்துக்கொண்டு, தன்னையே, கண்ணோரத்துச் சுருக்கம் வரை, உற்றுப் பார்த்தாள். வீட்டில் எல்லாருக்கும் மூச்சு இப்போதுதான் திரும்பி வந்தது போலிருந்தது.

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஜெனிட்டா ஒரு தட்டை ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா, லட்டு எடுத்துக்கோங்க! இன்னைக்கு மத்தியானம்தான் அப்பா வந்து காமர்ஸை உயிரியலுக்கு மாத்துனாங்க. எனக்கும் ஆள் வரல!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "டிபன் பைக்காரி போயே போயிட்டா. வெளிநாடு மாமா, நானும் இசை மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் நின்றாள். "அய்யே, இசை, நீ திரும்ப வந்துட்டியா? ரப்பர் செருப்பே போதுமாக்கும்?"

வந்தவள் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். எழுந்தாள். எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் ஜெனிட்டாவின் கன்னத்தைத் தொட்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கண்ணாடி இல்லாத கண்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்த்தாள்.

"சிட்டு" என்றாள். "நீ அப்படியே இருக்கடி. கொஞ்சங்கூட மாறல."

ஜெனிட்டா சிரித்தாள். "அப்ப நான் குண்டாகவே மாட்டேனா? நாற்பத்தஞ்சுலயும் இப்படியேதானா?"

வந்தவள் குனிந்து செம்பை எடுத்தாள். தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். காலிச் செம்பைச் செல்லக்கனியிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் தாம்மா" என்றாள்.

செல்லக்கனி செம்பை வாங்கவில்லை. ஒரு லட்டைக் கதவோரம் வைத்துவிட்டுத் தட்டோடு அடுத்த வீட்டுக்கு ஓடிய ஜெனிட்டாவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். பொன்னுலிங்கம் ஏற்கனவே படியிறங்கியிருந்தார். பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். எமிலி டீச்சர் வீடு கோயிலுக்குப் பின்னால்தான். காலில் விழுந்தாவது திறக்கச் சொல்லலாம். அதற்கு முதலில் ஜெனிட்டாவின் தகப்பன் வரவேண்டும். செருப்பில்லாமல் தெருவைக் கடந்து ஓடினார்.

ஜெராக்ஸ் கடை வாசலில் தேவசகாயத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அருணாசலம் அவர் தோளில் கை போட்டிருந்தார். எந்த நாடு என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க!" பொன்னுலிங்கத்தைக் கண்டதும் தேவசகாயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்க. இது அண்ணாச்சி காட்டுன வழி. தைரியமா முடிவெடுன்னு சொன்னாரு, எடுத்தேன். முதல் லட்டு அவருக்குத்தான்."

பொன்னுலிங்கம் சொல்வதற்கு வாயைத் திறந்தார். தேவசகாயம் சிரித்துக்கொண்டே அதற்குள் ஒரு லட்டை ஊட்டினார். தெருவிளக்கு எரிந்தது.